தியாகராயரின் அரசியல் வாழ்க்கை: தொழிலாளிக்கு என்ன பாடம்?

(ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் படிப்பு வட்டத்தில் ஆற்றிய உரை)



சென்னைக்குப் போனவர்கள் தியாகராய நகரைப் பார்த்திருப்பீர்கள். தீபாவளிக்கு ஜவுளி எடுக்க ஜனங்கள் நெருக்கியடிக்கும் இடம். அது யாருடைய பெயர் என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. அந்த மனிதரைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். பணக்காரத் தலைவர் ஒருவரைப் பற்றி நமக்கென்ன பேச்சு என்று கேட்பீர்கள். நகரசபையிலும் சட்டசபையிலும் நமக்கும் வேலை இருக்கிறது. நமக்கு முன்னால் அங்கே உட்கார்ந்தவர்கள் என்ன செய்தார்கள், எந்த இடத்தில் நின்று போனார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டாமா?

பிட்டி தியாகராய செட்டியார் 1852-ல் பிறந்தவர். நெசவு வியாபாரத்தில் செழித்த குடும்பம். பி.ஏ. படித்தவர். வண்ணாரப்பேட்டையில் நெசவுச்சாலை நடத்தினார். கயிற்றை இழுத்தால் நாடா பறக்கும் புதுமாதிரித் தறியை அங்கே போட்டு, கைத்தறிக்கு வேகம் கொடுத்தார். 1882-ல் சென்னை நகரசபைக்குள் நுழைந்தவர், 1922 வரை நாற்பது ஆண்டுகள் அங்கே இருந்தார். சர்க்கார் உத்தியோகஸ்தர் அல்லாத ஒருவர் அந்தச் சபைக்குத் தலைவரானது அவர் காலத்தில்தான்.

முதலில் காங்கிரஸில் இருந்தார். 1916-ல் டாக்டர் டி.எம்.நாயர், டாக்டர் நடேச முதலியார் ஆகியோருடன் சேர்ந்து தென்னிந்திய நல உரிமைச் சங்கத்தைத் தொடங்கினார். நீதிக்கட்சி என்று பெயர் பெற்றது அதுதான். படிப்பும் உத்தியோகமும் பிராமணர் என்ற ஒரு சாதியார் கையிலேயே குவிந்து கிடந்தன. மற்றவர்களுக்கும் பங்கு வேண்டும் என்று கேட்டார்கள். நியாயமான கோரிக்கை, அதை நாம் மறுக்கவில்லை. 1920 தேர்தலில் அந்தக் கட்சி ஜெயித்தது. முதன் மந்திரியாக வாருங்கள் என்று கவர்னர் வெல்லிங்டன் அழைத்தார். தியாகராயர் வேண்டாம் என்றார். சுப்பராயலு ரெட்டியார் அந்தப் பதவியில் அமர்ந்தார். வலிய வந்த பதவியை மறுத்தவரை மரியாதையோடு நினைக்கலாம்.

ஆனால் அந்தத் தேர்தலில் ஓட்டுப் போட்டவர் யார்? நாலு கோடிக்கு மேல் ஜனங்கள் இருந்த சென்னை மாகாணத்தில் ஓட்டுரிமை பெற்றவர் பன்னிரண்டரை லட்சம் பேர். நிலமும் வீடும் இருந்தவர்கள், வரி கட்டினவர்கள். தறி ஓட்டியவனுக்கு ஓட்டில்லை. ஏர் ஓட்டியவனுக்கும் ஓட்டில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

அதே 1920-ல் தியாகராயரின் நகரசபை ஒரு தீர்மானம் போட்டது. ஆயிரம் விளக்கு நகரசபைப் பள்ளியில் படிக்கும் ஏழைப் பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு. செலவு, பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக்கூடாது. பிறகு இன்னும் நாலு பள்ளிகளுக்கு அது பரவியது. அந்த ஐந்து பள்ளிகளிலும் 1922-23-ல் படித்த பிள்ளைகள் 811. இரண்டே ஆண்டில் 1,671. பசித்த பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்து வந்தது சோறுதான் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இப்போது பெரம்பூருக்கு வாருங்கள். 1921-ல் பக்கிங்காம் - கர்நாடிக் ஆலைகளில் பெரிய வேலைநிறுத்தம். அங்கே சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918-லேயே தோன்றியிருந்தது. திரு.வி.க. போன்றவர்கள் தலைமை தாங்கினார்கள். வேலைநிறுத்தத்தில் தொழிலாளர் இரண்டாகப் பிரிந்தார்கள். ஆதிதிராவிடத் தொழிலாளரில் பெரும்பாலோர் வேலைக்குப் போனார்கள். மற்றவர்கள் வெளியே நின்றார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. போலீஸ் சுட்டது, உயிர்கள் போயின. அக்டோபரில் வேலைநிறுத்தம் தோற்றது.

அந்த நேரத்தில் நீதிக்கட்சித் தலைவர்கள் என்ன செய்தார்கள்? வேலைநிறுத்தக்காரர்களுக்காகப் பேசினார்கள், அது உண்மை. ஆனால் சர்க்காரின் தொழிலாளர் இலாகா ஆதிதிராவிடருக்குச் சலுகை காட்டுவதே கலகத்துக்குக் காரணம் என்றும் சொன்னார்கள். சேரியில் இருந்தவனும் தொழிலாளிதானே! அவனை அணைத்துக்கொள்ள ஆள் இல்லை. மனம் கசந்த எம்.சி.ராஜா 1923-ல் கட்சியை விட்டு வெளியேறினார். எல்லோருக்கும் பங்கு என்று தொடங்கிய கட்சி, சேரி வாசலில் தடுக்கி விழுந்தது. லாபம் யாருக்கு? ஆலை முதலாளிக்கு.

மந்திரிகளால் போலீஸைத் தடுக்க முடியவில்லையா என்று கேட்பீர்கள். இரட்டை ஆட்சியின் சூது அங்கேதான் இருக்கிறது. கல்வி, சுகாதாரம், ஸ்தல ஸ்தாபனம் ஆகியவை மந்திரிகளிடம். போலீஸும் கஜானாவும் கவர்னரின் ஆட்களிடம். கரண்டி ஒருவர் கையில், அரிசிப் பானை வேறொருவர் கையில்!

பிள்ளைகளின் சோற்றுக்கும் அதே கதிதான். ஆரம்பக் கல்விப் பணத்தில் சாப்பாட்டுச் செலவு எழுதக்கூடாது என்று வெள்ளை சர்க்கார் தடுத்தது. 1925 ஏப்ரல் முதல் தேதியோடு சாப்பாடு நின்றது. நின்றபோது மாகாணத்தில் மந்திரிசபை நடத்தியது தியாகராயரின் கட்சியேதான். அந்த ஆண்டிலேயே தியாகராயரும் காலமானார்.

சோறு நின்றபோது ஊரே திரண்டு ஏன் கேட்கவில்லை? அந்தப் பிள்ளைகளின் தாய் தகப்பனுக்கு ஓட்டில்லை. மேலேயிருந்து வந்தது மேலேயிருந்தே போயிற்று. சுதந்திரம் வந்து, வயது வந்த எல்லோருக்கும் ஓட்டுக் கிடைத்த பிறகு, 1956-ல் காமராஜர் ஆட்சியில் மதிய உணவு மாகாணம் முழுவதும் பரவத் தொடங்கியது. 1982-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவாக விரிந்தது. நானும் அந்தச் சத்துணவு வரிசையில் தட்டேந்தி நின்றுதான் பத்தாவது வரை வந்தேன். இன்று எந்தக் கட்சி வந்தாலும் அந்தச் சோற்றில் கை வைக்கத் துணியாது. தலைவர்களின் நல்ல மனசு மட்டும் இதற்குக் காரணமல்ல. கோடிக்கணக்கான ஏழைகளின் ஓட்டு அந்தச் சோற்றுக்குக் காவல் நிற்கிறது.

ஆகவே தோழர்களே, தியாகராயரை வசைபாடவும் வேண்டாம், தெய்வமாக்கவும் வேண்டாம். ஓர் அணாச் சோற்றுக்கு அவருக்கு நன்றி சொல்வோம். 1921-ல் நாம் இரண்டுபட்டதை மறக்காமல் இருப்போம். ஆலை வாசலில் நிற்கும்போதும் களத்துமேட்டில் கூலி கேட்கும்போதும், சேரிக்காரன் ஊர்க்காரன் என்ற கோடு நம் நடுவில் விழக்கூடாது.

அடுத்த கிராம சபைக்கு எல்லோரும் போங்கள். பள்ளிக்கூடத்துக்கு எத்தனை முட்டை வந்தது, எத்தனை பிள்ளை சாப்பிட்டது என்று கேளுங்கள். கேட்கிறவன் இருக்கும் வரைக்கும்தான் அடுப்பு எரியும்.