ஆய்வகத்தின் பின்வாசல்

(பெர்ன்ஹில்லில் பொறியியல் மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



இங்கே வந்திருப்பவர்களில் பாதிப் பேர் ரோபோட்டிக்ஸ், ஆட்டோமேஷன் படிக்கிறீர்கள். தினமும் மலையைப் பார்த்து வளர்ந்து, படிப்புக்காகக் கோவைக்கு இறங்கிப் போனவர்கள். 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் சீட் வாங்கிய அரசுப் பள்ளிப் பிள்ளைகளும் இருக்கிறீர்கள். சேர்க்கைக்கு 2021-இல் சட்டம் வந்தது. கட்டணத்தை அரசு ஏற்கிறது. ஆனால் மூன்றாம் ஆண்டு முடிகிறபோது ஒரு கேள்வி வரும்: "இன்டர்ன்ஷிப் எங்கே பண்ணப் போறே?" அந்தக் கேள்விக்குப் பின்னால் எந்தச் சட்டமும் உங்களோடு வராது. நான் பேச வந்தது அதைப் பற்றித்தான்.

இந்த மலையில் உட்கார்ந்து ஆய்வகத்தைப் பற்றிப் பேசலாமா என்று கூச்சப்பட வேண்டாம். பக்கத்தில் முத்தோரையில் ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 24 பரவளையச் சட்டங்கள். கோவிந்த் ஸ்வரூப் தலைமையிலான குழு வடிவமைத்தது, 1970-இலிருந்து இயங்குகிறது. ஆட்டோமேஷன் படிக்கிறவர்கள் ஒரு தடவை போய்ப் பார்க்க வேண்டும். உதகையின் அட்சரேகை ஏறத்தாழ 11 டிகிரி. அதே அளவு சரிவுள்ள மலைமுகட்டைத் தேடிப்பிடித்து, அதன் மேல் வடக்குத் தெற்காகக் கிடத்தியிருக்கிறார்கள். அதனால் கருவியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டது. ஒரே அச்சில் சுழற்றினால் போதும், ஒரு விண்பொருளை ஒன்பதரை மணி நேரம் தொடர்ந்து பார்க்கலாம். நம் மலையின் சரிவே அந்த டிசைனில் ஒரு பாகம்.

அந்தத் தொலைநோக்கி டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தது. மத்தியக் கல்வி நிறுவனங்களில் இட ஒதுக்கீடு தரும் 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். மூன்றாம் பிரிவு பட்டியல் சாதியினருக்கு 15, பழங்குடியினருக்கு 7.5, பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடு தருகிறது. நான்காம் பிரிவு சில நிறுவனங்களுக்கு இது பொருந்தாது என்கிறது. அந்த அட்டவணையில் இந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறது. கதிர்வீச்சுள்ள இடத்தில் மனிதக் கை படாமல் வேலை செய்யும் கருவிகளை உருவாக்குகிற கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையமும் இருக்கிறது. "உன்னத நிறுவனங்கள்" என்பது சட்டம் சொல்லும் காரணம். உன்னதம் என்றால் நாம் வரக்கூடாது என்று நாடாளுமன்றத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்!

இது பட்டப் படிப்புச் சேர்க்கையின் கதை. இன்டர்ன்ஷிப் அதற்கும் கீழே, யார் கண்ணிலும் படாமல் நடக்கிறது. முறையாக அறிவித்து, உதவித்தொகை கொடுத்து எடுக்கிற திட்டங்கள் சில உண்டு. மற்றதெல்லாம் ஒரு மெயில், ஒரு சிபாரிசு, "நம்ம பையன்தான், பார்த்துக்கோங்க" என்று ஒரு போன். எனக்கு அந்த போனைப் போட ஆள் இல்லை. எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து யார் போடுவார்கள்? நாற்பது மெயில் போட்டேன், இரண்டு பதில் வந்தது. ஓர் ஆய்வகம் கூப்பிட்டது. சம்பளம் கிடையாது, தங்க இடமும் கிடையாது. இரண்டு மாத வாடகைக்கு அம்மா குழுக்கடன் எடுத்தார். முதல் நாள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி சென்சாரைப் பற்றியது அல்ல. "சொந்த ஊர் எது? அப்பா என்ன பண்றார்?" இது எதற்கான கேள்வி என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். ஐடிஐ முடித்து அருவங்காட்டுத் தொழிற்சாலை மாதிரி ஓர் இடத்தில் அப்ரண்டிஸாகச் சேருகிற தம்பிக்கு 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டம் இருக்கிறது. அதில் உதவித்தொகை கட்டாயம். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பயிற்சி இடங்களை ஒதுக்க வேண்டும், பின்னால் பிற்படுத்தப்பட்டோரும் சேர்க்கப்பட்டார்கள். ஸ்பேனர் பிடிக்கிற பயிற்சிக்கு இட ஒதுக்கீடு உண்டு. அந்த எந்திரத்தை டிசைன் செய்கிற பயிற்சிக்கு இல்லை.

அண்ணல் அம்பேத்கர் 1942-இல் வைசிராய்க்கு அளித்த மனுவில், நம் மக்களுக்கு உயர்கல்வி உதவியோடு தொழில்நுட்பப் பயிற்சியும் வேண்டும் என்று கேட்டார். அரசு அச்சகங்களிலும் ரயில்வே பணிமனைகளிலும் அப்ரண்டிஸ் இடங்கள் கேட்டார். எந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்க யாருக்கு அனுமதி என்பதை அவர் அப்போதே அரசியல் கேள்வியாகப் பார்த்தார்.

உள்ளே போனால் என்ன மாறும் என்று கேட்பீர்கள். சென்னை ஐஐடியின் 'ஹோமோசெப்' எந்திரத்தை எடுத்துக்கொள்வோம். செப்டிக் டேங்குக்குள் மனிதன் இறங்காமல், இறுகிய கசடைச் சுழலும் தகடுகளால் உடைத்து உறிஞ்சி எடுக்கிற எந்திரம். பேராசிரியர் பிரபு ராஜகோபாலின் வழிகாட்டலில், 2019-இல் ஒரு மாணவரின் இறுதியாண்டு புராஜெக்டாகத் தொடங்கியது. சஃபாய் கர்மச்சாரி அந்தோலன் தோழர்கள் துணைநின்றார்கள். குழியில் கணவரைப் பறிகொடுத்த பெண்கள் தலைமையிலான குழுக்களுக்கு முதல் எந்திரங்கள் போயின. நல்ல வேலை, பாராட்ட வேண்டும். ஆனால் 1970-இல் விண்மீனைப் பின்தொடர்கிற எந்திரம் செய்த நாடு, மலக்குழிக்கு எந்திரம் செய்ய ஏன் இத்தனை காலம் எடுத்தது? தொழில்நுட்பம் கஷ்டம் என்பதாலா? குழிக்குள் இறங்குகிறவன் மகன் எந்த ஆய்வக மேசையிலும் இல்லை என்பதால் அது ஒரு பொறியியல் பிரச்சினையாகவே யாருக்கும் தோன்றவில்லை. 2013-இல் சட்டம் போட்டும் சாவு நிற்கவில்லை. 2023-இல் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டைப் பத்து லட்சத்திலிருந்து முப்பது லட்சமாக உயர்த்த வேண்டியிருந்தது.

நம் தேயிலைத் தோட்டத்தையே பாருங்கள். இரண்டு பேர் இருபுறமும் பிடித்து நடக்கிற இலை வெட்டும் எந்திரம் வந்துவிட்டது. அதன் எடையும் அதிர்வும் யார் தோளுக்கு, யார் இடுப்புக்கு என்று டிசைன் செய்தவருக்குத் தெரியுமா? இதைக் கொழுந்து பறித்த அம்மாவின் மகள் ஆய்வகத்தில் உட்கார்ந்தால் கேட்பாள்.

எனவே, ஒரு வேலை. அரசுப் பணத்தில் நடக்கிற ஆய்வகங்களுக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடப் போகிறோம். கடந்த ஐந்தாண்டில் எத்தனை இன்டர்ன்கள்? எத்தனை இடத்துக்கு அறிவிப்பு வந்தது? எத்தனை பேருக்கு உதவித்தொகை? சமூகவாரியாக எத்தனை பேர்? கட்டணம் பத்து ரூபாய். முப்பது நாளில் பதில் தர வேண்டும். "அப்படி ஒரு விவரம் பராமரிக்கப்படவில்லை" என்று பதில் வரலாம். அதையும் பத்திரமாக வையுங்கள், அடுத்த மனுவுக்கு அதுதான் ஆதாரம். மாதிரி மனு வாசல் மேசையில் இருக்கிறது. ஆளுக்கு ஓர் ஆய்வகமாகப் பிரித்துக்கொள்வோம். கல்பாக்கத்தை யார் எடுத்துக்கொள்கிறீர்கள்?