கலசம் வைக்காத கோபுரம்

('கலைஞனை வாழ வைப்பது மேடையா, பட்டமா?' என்ற பட்டிமன்றத்தில், 'பட்டமே' அணியில் பேசியது)



எனக்கு முன்னால் பேசிய நண்பர், "நடிகர் திலகம் எந்தக் காலேஜுல படிச்சாரு?"ன்னு கேட்டார். நீங்களும் கை தட்டினீங்க. நியாயம்தான். நூறு வருஷத்துக்கு ஒரு சிவாஜி பிறப்பார். மிச்சம் இருக்கிற நம்ம பிள்ளைங்க என்னங்க பண்றது? (கைதட்டல்)

நடுவர் அவர்களே, இங்கிலாந்திலே ஒரு ஏற்பாடு இருக்கிறது. அங்கே ஆனர்ஸ் பட்டம் என்றால் 360 கிரெடிட். வருஷத்துக்கு 120. ஒரு கிரெடிட்டுக்குப் பத்து மணி நேர உழைப்புன்னு கணக்கு. ஆக, வருஷத்துக்கு 1,200 மணி நேரம்! நடனமோ நாடகமோ இரண்டு வருஷம் படித்து எச்.என்.டி. வாங்கினால் 240 கிரெடிட். 2001-ல் அங்கே தொடங்கிய 'ஃபவுண்டேஷன் டிகிரி'க்கும் அதே 240 தான். அத்தோட பல பேர் மேடைக்குப் போயிடறாங்க. பாக்கி 120 அப்படியே நிக்குது. அதை முடிக்கிற கடைசி வருஷத்துக்குப் பேரு 'டாப்-அப்'. செல்போனுக்குப் போடறோமே, அந்த டாப்-அப் இல்லீங்க. அது பேசப் பேசத் தீரும். இது ஆயுசுக்கும் தீராது! (சிரிப்பு)

எதிரணி அம்மா கேட்டாங்க, "ஆடத் தெரிஞ்சவளுக்குக் காகிதம் எதுக்கு?"ன்னு. அம்மா, இருபது வயசுல கால் ஆடும். முப்பத்தஞ்சு வயசுல முழங்கால் பேசும்! (சிரிப்பு) அப்போ அந்தப் பொண்ணு, 'பள்ளிக்கூடத்துல டான்ஸ் டீச்சராப் போகலாமே'ன்னு நினைப்பா. ஆனா இங்கிலாந்திலே முறையான ஆசிரியர் தகுதி வாங்கப் பட்டம் வேணும். நாடகத்தை வைத்து மன வேதனையை ஆற்றுகிற 'டிராமாதெரபி' அங்கே அரசாங்கம் அங்கீகரித்த தொழில். அதற்கு முதுகலைப் படிப்பே வேண்டும். பதினஞ்சு வருஷம் மேடையில ஆடினவ, விண்ணப்பத்துல 'பட்டம்'ங்கிற ஒரு கட்டத்தை நிரப்ப முடியாம நிக்கறா. இது நியாயமா?

"சரி, அந்த ஒரு வருஷத்துல புதுசா என்னத்தைக் கத்துக்கொடுப்பான்?" நல்ல கேள்வி. முதல் இரண்டு வருஷம் 'இங்கே நில்லு, இப்படித் திரும்பு'ன்னு சொல்லிக் கொடுப்பாங்க. கடைசி வருஷத்துல, 'நீ ஏன் அங்கே நின்னே?'ன்னு கேப்பாங்க. சொந்தமா ஒரு நிகழ்ச்சி உருவாக்கணும். அதைப் பத்தி ஆராய்ந்து ஒரு நீண்ட கட்டுரையும் எழுதணும். சொன்னபடி செய்தவன், தானே சிந்தித்துச் செய்கிறவனாக மாறுகிற வருஷம் அது!

கஷ்டம் இல்லைன்னு நான் பொய் சொல்லமாட்டேன். காலால பேசிப் பழகினவங்களுக்குப் பேனா பிடிக்கக் கை நடுங்கும். பல இடங்களில் அந்த ஒரு வருஷ மார்க்கை மட்டும் வைத்துத்தான் பட்டத்தின் தரத்தையே போடுவாங்க. சறுக்கினா தாங்கிப் பிடிக்க முன்வருஷ மார்க் வராது. கட்டணமும் கொஞ்சமில்லை. 2025-26 கல்வியாண்டில் அங்கத்திய மாணவர்களுக்கு உச்சவரம்பு 9,535 பவுண்டு!

அதனாலே சேர்வதற்கு முன்னாடி மூணு கேள்வி கேக்கணும். என் டிப்ளமோவை முழுசா ஏத்துக்குவீங்களா? கட்டுரை எழுதப் பழக முன்கூட்டி வகுப்பு உண்டா? எந்த மார்க்கைக் கணக்கில எடுப்பீங்க? பொண்ணு பார்க்கப் போனா முப்பது கேள்வி கேக்கறோம். படிப்புக்கு மூணு கேக்கக் கூடாதா? (சிரிப்பு, கைதட்டல்)

லண்டனிலே நம்ம தமிழ்க் குடும்பங்கள் எத்தனையோ இருக்கு. அங்கேயும் சரி, இங்கேயும் சரி, பெற்றோருக்கு ஒரு வார்த்தை. முப்பது வயசுல உங்க மக வந்து, "விட்ட படிப்பை முடிக்கட்டுமாம்மா?"ன்னு கேட்டா, "இந்த வயசுல என்ன படிப்பு?"ன்னு கேட்டுடாதீங்க. பேரப்பிள்ளையை ஒரு வருஷம் நீங்க பார்த்துக்குங்க. அந்த 120 கிரெடிட்டுல பாதி உங்களுக்குச் சேரும்! (பலத்த கைதட்டல்)

கோபுரம் எழும்பியாச்சு. பொம்மையெல்லாம் வச்சாச்சு, வர்ணமும் அடிச்சாச்சு. கலசம் மட்டும் பாக்கின்னா கும்பாபிஷேகம் நடக்குமா நடுவர் அவர்களே? மேடை கோபுரத்தை எழுப்பும். பட்டம்தான் கலசத்தை ஏற்றும். ஆகவே, கலைஞனை வாழ வைப்பது பட்டமே என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டு அமர்கிறேன்.