டிரெய்லர் வாலை ஆட்டும்போது

இந்த எபிசோடு முழுக்க ஒரே ஒரு கேள்விக்கான பதில்தான். டென்வர்ல இருந்து ஒரு நேயர் எழுதியிருக்காங்க. ஊர்ல இருந்து அம்மா அப்பா வந்திருக்காங்க, அஞ்சு வயசுல ஒரு பையன். கையில இருக்கிறது ஒரு ஹாஃப் டன் பிக்கப் டிரக். 26 அடி டிராவல் டிரெய்லரை வாடகைக்கு எடுத்து யெல்லோஸ்டோன் போகத் திட்டம். வாடகைக்கு விடுறவர், "ஆன்டி ஸ்வே ஹிட்ச் மாட்டித் தர்றேன், கவலையே படாதீங்க"ன்னு சொல்லிட்டாராம். அது போதுமான்னு கேட்டிருக்காங்க.

போதாது. ஏன்னு சொல்றேன்.

சென்னையில இருந்து கேக்குறவங்களுக்காக ஒரு வார்த்தை. டிராவல் டிரெய்லர்னா கட்டில், அடுப்பு, பாத்ரூம் எல்லாம் உள்ள ஒரு பெட்டி வீடு. அதுக்கு இன்ஜின் கிடையாது. டிரக்கோட பின்னாடி இருக்கிற ஒரு இரும்புக் குண்டுல மாட்டி இழுத்துட்டுப் போகணும். மூவாயிரம் கிலோவை ஒரே ஒரு புள்ளியில கட்டி நெடுஞ்சாலையில இழுக்கிறோம். அந்தப் புள்ளியைச் சுத்தி டிரெய்லர் இடமும் வலமுமா ஆட ஆரம்பிக்கிறதைத்தான் ஸ்வேன்னு சொல்றாங்க. கட்டுப்பாடு மீறினா, டிரெய்லர் டிரக்கையும் சேர்த்துப் புரட்டிடும்.

சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியோட முன்சக்கரம் சில நேரம் படபடன்னு அடிச்சுக்கும், கவனிச்சிருக்கீங்களா? மெதுவா தள்ளினா ஒழுங்கா வரும். கொஞ்சம் வேகமா தள்ளினா ஆட்டம் தொடங்கும். டிரெய்லரும் அதே குடும்பம்தான். இன்ஜினியரிங் படிச்சவங்களுக்கு கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர் ஞாபகம் இருக்கலாம் (செமஸ்டர் முடிஞ்ச மறுநாளே மறந்திருந்தாலும் பரவாயில்லை). ஒரு ஆட்டம் தானா அடங்கணும்னா டேம்பிங் வேணும். டிரெய்லர்ல அந்த டேம்பிங் வேகம் கூடக் கூடக் குறையும். ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினா அது பூஜ்யத்துக்கும் கீழே போயிடும். அதுக்கப்புறம் ஒவ்வொரு ஆட்டமும் முந்தினதை விடப் பெருசா இருக்கும். பக்கத்துல ஒரு 18 சக்கர லாரி கடந்து போறப்போ தள்ளுற காத்து போதும், தொடங்கி வைக்க.

அதனாலதான் "இதுவரைக்கும் நல்லாத்தானே வந்துச்சு"ங்கிற பேச்சை நான் நம்புறதில்லை. 55 மைல்ல சமர்த்தா வர்ற அதே டிரெய்லர் 68-ல வேற மிருகம். எல்லைக்குப் பக்கத்துல இருக்கோமான்னு தெரிஞ்சுக்க ஒரு அடையாளம் இருக்கு. ஒரு லாரி கடந்து போனதும் டிரெய்லர் எத்தனை தடவை ஆடி அடங்குதுன்னு எண்ணுங்க. ஒண்ணு, ரெண்டுல நின்னா சரி. அஞ்சாறு தடவை ஆடுதுன்னா எல்லை ரொம்பத் தூரத்துல இல்லை.

அந்த எல்லை எங்கே இருக்குங்கிறதைப் பெருமளவு தீர்மானிக்கிறது எடையை எங்கே வைக்கிறோம்ங்கிறது. டிரெய்லரோட மூக்கு ஹிட்ச் மேல அழுத்துற எடைக்கு டங் வெயிட்னு பேரு. டிரெய்லரோட மொத்த எடையில அது 10 முதல் 15 சதவீதம் இருக்கணும்ங்கிறது அமெரிக்காவுல வழக்கமான கணக்கு. மூக்கு லேசானா வால் ஆடும்.

இங்கதான் நம்ம நேயர் மாட்டப் போறாங்க. டிரைவர் கதவைத் திறந்தா, கதவு நிலையில ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் இருக்கும். ஆளும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாதுன்னு எழுதியிருக்கும். 1,600-ன்னு வச்சுக்குவோம். நாலு பெரியவங்க, ஒரு பையன், 700. பின்னாடி கூலர், ஜெனரேட்டர், நாற்காலி, 200. ஹிட்ச் இரும்பே 100. மிச்சம் 600. டிரெய்லர் சாமானோட 6,500 பவுண்டுன்னா அதுல 10 சதவீதமே 650. 13 சதவீதம் வச்சா 800-ஐத் தாண்டும். அதாவது டிரக் விளம்பரத்துல பெருசா போடுற இழுவைத் திறனை நீங்க தொடவே இல்லை. ஆனா டிரக் தாங்குற எடை ஏற்கெனவே தீர்ந்துபோச்சு.

அப்போ மனுஷ மூளை என்ன செய்யும்? டிரக்கோட பின்பக்கம் தாழ்ந்து நிக்கிறதைப் பார்த்துட்டு, "சாமானை டிரெய்லர்ல பின்னாடி தள்ளி வை, மூக்கு லேசாகும்"னு சொல்லும். டிரக் நிமிர்ந்துடும். பார்க்க அம்சமா இருக்கும். டிரக்கைக் காப்பாத்துறோம்னு நினைச்சு ஸ்வேயை அழைச்சுட்டு வர்ற இடம் இதுதான்.

பின் பம்பர்ல சைக்கிள் மாட்டுறதும் அப்படித்தான். நாலு சைக்கிளும் ரேக்கும் 150 பவுண்டு. அச்சுக்கு 11 அடி பின்னாடி தொங்குது. அச்சுல இருந்து ஹிட்ச் 16 அடி. 150-ஐ 11-ஆல பெருக்கி 16-ஆல வகுத்தா, டங் வெயிட்ல ஏறக்குறைய 100 பவுண்டு காணாமப் போயிருக்கும். தண்ணித் தொட்டியும் பாருங்க. 40 கேலன்னா 330 பவுண்டு. அது அச்சுக்கு முன்னாடியா பின்னாடியாங்கிறதைப் பொறுத்து, ரொப்பினா கணக்கே மாறும்.

சரி, முன்னாடியும் கனம், பின்னாடியும் கனம் வச்சு சரிக்கட்டலாமான்னா, அதுவும் ஆகாது. காவடியில ரெண்டு பக்கமும் குடம் தொங்க வர்றவர் சட்டுன்னு திரும்பினா என்ன ஆகும்? குடங்கள் சுத்துறதை நிறுத்துறதுதான் பெரும்பாடு. கனமான சாமான் எல்லாம் அச்சுக்குப் பக்கத்துல, கொஞ்சம் முன்னாடி, தரையோட ஒட்டி இருக்கணும்.

இப்போ அந்த ஹிட்ச். வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச், டிரக்கோட முன்சக்கரத்துல குறைஞ்ச பாரத்தைத் திருப்பிக் கொடுக்கும். மஞ்சள் ஸ்டிக்கர்ல இருக்கிற எண்ணைக் கூட்டாது. உராய்வு வச்ச ஸ்வே பார் கொஞ்சம் டேம்பிங் தரும். ரெண்டுமே நல்லதுதான், மாட்டிக்குங்க. ஆனா தப்பா ஏத்தின டிரெய்லருக்கு அது பாராசிட்டமால். காய்ச்சல் தெரியாது, நோய் அப்படியே இருக்கும்.

ஆட்டம் வந்தே விட்டா? ஸ்டியரிங்கைத் திருப்பிச் சமாளிக்கப் பாக்காதீங்க. டிரெய்லர் ஆடுற வேகத்துக்கு நம்ம கை தாமதமாத்தான் வரும். வலதுக்குத் திருப்பி முடிக்கிறதுக்குள்ள அது இடது பக்கம் போயிருக்கும். லேட்டன்சி உள்ள ஃபீட்பேக் லூப், தள்ளுற ஊஞ்சலை இன்னும் தள்ளி விடுற மாதிரி. ஸ்டியரிங்கை நேராப் பிடிச்சுக்கிட்டு, ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுங்க. டிரக் பிரேக்கை ஓங்கி மிதிச்சா டிரெய்லர் பின்னாடி இருந்து முட்டும். அதுக்குப் பதிலா பிரேக் கன்ட்ரோலர்ல டிரெய்லர் பிரேக்கை மட்டும் இயக்குற ஒரு சின்ன லீவர் இருக்கு. அதை நகர்த்தினா, டிரெய்லர் பின்னாடி இழுபட்டு நேராகும். கயித்தை இறுக்கிப் பிடிச்சா வளைவு போயிடுற மாதிரி. அந்த லீவர் எங்கே இருக்குன்னு ஆட்டம் வந்தப்புறம் தேடக் கூடாது. காலி பார்க்கிங்ல கண்ணை எடுக்காமலே கை அதுக்குப் போற அளவுக்குப் பத்துத் தடவை பழகுங்க. கூட ஓட்டப்போறவங்களும்தான்.

அவங்க போற பாதை எனக்கு இன்னொரு கவலை. டென்வர்ல இருந்து போனா லாரமி, ராலின்ஸ் வழியா ஐ-80 வரும். வயோமிங்ல காத்துக்குப் பேர் போன இடம். காத்து ரொம்ப வீசினா, எடை குறைஞ்ச உயரமான வண்டிகளுக்கு மட்டும் மாநிலப் போக்குவரத்துத் துறை அந்த ரோட்டை மூடும். உங்க டிரெய்லர் அந்தப் பட்டியல்ல வருது. மூடலைன்னாலும், காத்து அடிச்சா லாரமியில ஒரு ராத்திரி தங்கிடுங்க. மத்தவங்க 75-ல பறப்பாங்க, ஹாரன் அடிப்பாங்க, அடிக்கட்டும். கலிஃபோர்னியாவுல டிரெய்லர் இழுக்கிற வண்டிக்குச் சட்டப்படியே 55தான்.

ஆக நம்ம நேயருக்கு: முடிஞ்சா 26 அடியை விட்டுட்டு, சாமானோட 4,500 பவுண்டைத் தாண்டாத சின்ன டிரெய்லரா எடுங்க. பங்க் கட்டில் வச்சதே கிடைக்கும். 13 சதவீதம்னா டங் வெயிட் 585, உங்க 600-க்குள்ள அடங்குது. பெருசுதான் வேணும்னா முக்கால் டன் டிரக் பாருங்க. எதை எடுத்தாலும், கிளம்புற நாள் எல்லாரும் ஏறி உக்காந்து, நெடுஞ்சாலை டிரக் ஸ்டாப்ல இருக்கிற கேட் ஸ்கேல்ல ஒரு எடை போடுங்க. அப்போ ஹிட்சோட ஸ்பிரிங் பாரைத் தளர்த்தியிருக்கணும். அப்புறம் டிரெய்லரைக் கழட்டி நிறுத்திட்டு, அதே ஆளுங்களோட டிரக்கை மட்டும் எடை போடுங்க. டிரக்கோட ரெண்டு அச்சுலயும் வந்த வித்தியாசம்தான் உங்க டங் வெயிட். ரெண்டு சீட்டையும் போட்டோ எடுத்து அனுப்புங்க, உக்காந்து கணக்குப் போட்டுப் பார்த்துடலாம்.