கருமுட்டையின் நலமும் நம் வாழ்க்கைமுறையும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் பள்ளியையும் பட்டத்தையும் பற்றிப் பேசுவதே முறை என்று சிலர் எண்ணக்கூடும். தன் உடலைத் தான் அறிவதும் கல்வியே என்பது நம் கருத்து. 'பிள்ளை இல்லை' என்னும் ஒரு சொல்லால் குலைந்த குடும்பங்களை இந்த அவையில் பலரும் அறிவர். மணமாகி இரண்டாண்டு கழிவதற்குள் ஒரு பெண்ணுக்கு 'மலடி' என்று பெயர் சூட்டிவிடுகிறோம். வளைகாப்புக்கு அவளை அழைப்பதில்லை. கணவனுக்கு இரண்டாம் தாரம் பார்க்கத் தொடங்குகிறோம். மலடன் என்னும் சொல்லும் அகராதியில் இருக்கத்தான் செய்கிறது; ஊர் வழக்கில்தான் அதைக் கேட்க முடிவதில்லை. பிள்ளைப்பேறு தாமதமாகும் தம்பதியரில் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் ஆணின் குறையும் தனியாகவோ பெண்ணின் குறையோடு சேர்ந்தோ காரணமாக இருக்கிறது என்று மருத்துவம் சொல்கிறது. பிறரால் ஒதுக்கி வைக்கப்பட்டதன் வலியை அறிந்த நாமே நம் வீட்டுப் பெண்ணை ஒதுக்கி வைப்பது எந்த நியாயத்தில் சேரும்?

இனிப் பொருளுக்கு வருவோம். ஆணின் உடலில் விந்தணுக்கள் நாள்தோறும் புதிதாய் உண்டாகின்றன. பெண்ணின் கருமுட்டை அப்படிப்பட்டதன்று. பெண் சிசு தாய் வயிற்றில் ஐந்து மாதமாக இருக்கையிலேயே அதன் சினைப்பைகளில் 60 முதல் 70 இலட்சம் முட்டைகள் உருவாகிவிடுகின்றன. பிறக்கும்போது அவை 10 முதல் 20 இலட்சமாகவும், பூப்பெய்தும் பருவத்தில் மூன்று நான்கு இலட்சமாகவும் குறைந்துபோகின்றன. வாழ்நாள் முழுவதும் முதிர்ந்து வெளிப்படுபவை 400 அல்லது 500 மட்டுமே. ஒரு பெண் தன் மகளைச் சுமக்கும்போது, பின்னாளில் பேரப்பிள்ளையாகப் போகும் முட்டையையும் சேர்த்தே சுமக்கிறாள். கர்ப்பிணியின் வயிற்றுக்குச் சோறிடுவது எத்தனை தலைமுறைக்குச் சோறிடுவது என்பதை மாமியார்மார் எண்ணிப் பார்க்கட்டும்.

முட்டையின் தரம் என்று மருத்துவர் சொல்வது எதனை? முட்டை தன் குரோமோசோம்களைச் சரிபாதியாகப் பிரித்து 23 மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பிரிவினை பிறக்குமுன்பே தொடங்கிப் பாதிவழியில் நின்றுவிடுகிறது. அம்முட்டை வெளிப்படும் மாதத்தில்தான் அது மீண்டும் நடைபெறும். இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகள் காத்திருக்கும் முட்டையில் குரோமோசோம்களைப் பிணைத்து வைக்கும் பிணைப்பு தளர்கிறது. பிரிவினை பிழைபடுகிறது. அதனால் கரு தங்குவதில்லை. தங்கினாலும் சில வாரங்களில் கலைகிறது. 35 வயதுக்குமேல் இது விரைந்து மிகுகிறது. நாற்பதைக் கடந்தபின் பாதிக்குமேற்பட்ட முட்டைகள் பிழையுடையனவே. இக்குறையை நீக்கி முட்டையை இளமையாக்கும் மருந்து இதுவரை இல்லை. 'முட்டைத் தரம் உயர்த்தும்' என்று விளம்பரம் செய்யும் லேகியத்துக்கும் பொடிக்கும் நகையை அடகு வைக்க வேண்டாம்.

அப்படியானால் வாழ்க்கைமுறைக்கு இதில் இடமே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. உறங்கிக் கிடந்த முட்டை விழித்து, தன் நுண்பையினுள் வளர்ந்து வெளிப்படுவதன் இறுதிப் பகுதி ஏறத்தாழ மூன்று மாதம். அம்மூன்று மாதத்தில் அப்பெண்ணின் உணவு, உறக்கம், நோய், அவள் உள்ளிழுக்கும் புகை ஆகியவற்றால் அமைந்த உடல்நிலையே அந்த முட்டைக்கு நிலமும் நீருமாகிறது.

புகையை முதலில் சொல்லுவோம்; இதில் ஐயத்துக்கு இடமில்லை. புகைபிடிக்கும் பெண்ணுக்கு மாதவிலக்கு முற்றிலும் நிற்கும் காலம் ஒன்று முதல் நான்கு ஆண்டு முன்னதாகவே வந்துவிடுகிறது. நம் பெண்கள் புகைப்பதில்லை என்பீர்கள். கணவன் திண்ணையில் பற்றவைக்கும் பீடியின் புகை மனைவியின் மூச்சிலும் கலக்கிறது. அவனுடைய விந்தணுவையும் அது கெடுக்கிறது. சூளையிலும் உலைக்களத்திலும் நாள் முழுதும் வெப்பத்தில் நிற்கும் ஆண்களுக்கும் ஒரு சொல்: விந்து உண்டாவதற்கு உடலின் சூட்டைவிடக் குறைந்த சூடு வேண்டும்.

அடுத்தது மன அழுத்தம். மூளையின் அடியில் ஹைப்போதலாமஸ் என்னும் சிறு பகுதி இருக்கிறது. அது விட்டுவிட்டு அனுப்பும் கட்டளையின்படி பிட்யூட்டரி சுரப்பி இயங்க, அதன் வழியே சினைப்பை முட்டையை முதிரச் செய்கிறது. உடல் பெருந்துன்பத்தில் இருக்கும்போது இக்கட்டளை தளர்கிறது. முட்டை வெளிப்படுவது நின்று மாதவிலக்கும் நின்றுவிடுகிறது. 1944–45 குளிர்காலத்தில் ஜெர்மானியப் படை உணவை மறித்த நெதர்லாந்து நகரங்களில், ஒன்பது மாதம் கழித்துப் பிறப்புகள் பெரிதும் குறைந்தன. நம் முன்னோர் தாது வருஷப் பஞ்சம் என்று நடுங்கிச் சொன்ன 1876–78 பஞ்சத்தின்போதும் சென்னை மாகாணத்தில் பிறப்புகள் வீழ்ந்தன. அப்பஞ்சத்தில் முதலில் பட்டினி கிடந்தவர்கள் நிலமற்ற நம் மக்களே.

அன்றாடக் கவலை இவ்வளவு செய்யுமா? இங்கே நிதானம் வேண்டும். அமெரிக்காவில் 2014இல் வெளியான ஓர் ஆய்வில், உமிழ்நீரில் ஆல்ஃபா அமிலேஸ் என்னும் அழுத்தக் குறிப்பொருள் மிகுந்திருந்த பெண்களுக்கு மாதந்தோறும் கருவுறும் வாய்ப்பு 29 சதவீதம் குறைந்திருந்தது. அதே ஆய்வில் கார்ட்டிசால் என்னும் ஹார்மோனுக்கு அத்தகைய தொடர்பு காணப்படவில்லை. 2011இல் 14 ஆய்வுகளைத் திரட்டி, சோதனைக்குழாய் முறைச் சிகிச்சை பெற்ற 3,583 பெண்களை நோக்கியபோது, சிகிச்சைக்குமுன் அவர்கள் கொண்டிருந்த கவலை கருவுறுதலைத் தடுத்ததாகத் தெரியவில்லை. ஆகவே, 'நீ கவலைப்படுவதால்தான் தங்கவில்லை' என்று ஒரு பெண்ணிடம் சொல்வது புதுமாதிரியான பழியே அன்றி மருத்துவம் அன்று. முதலில் மலடி என்றோம். இப்போது கவலைக்காரி என்கிறோம். ஆனால் அழுத்தம் வேறு வழியில் வந்து தாக்குகிறது: உறக்கம் கெடுகிறது, உணவு தவறுகிறது, தம்பதியரிடையே நெருக்கம் குறைகிறது, அவன் குடியை நாடுகிறான்.

உடல் எடையும் அவ்வாறே. மிக மெலிந்த பெண்ணுக்கும் முட்டை வெளிப்படுவது தடைப்படும். மிகப் பருத்தவளுக்கும் தடைப்படும். நம் பெண்கள் கடைசியில் உண்டு, மிஞ்சியதை உண்டு மெலிந்த காலம் முற்றும் போய்விடவில்லை. இதற்கிடையில் பொட்டலத் தீனியும் உடலுழைப்பில்லா வேலையும் வந்து, கல்லூரிப் பெண்களுக்கு 'நீர்க்கட்டி' என்று சீட்டெழுதும் நிலையும் வந்திருக்கிறது. அவை உண்மையில் கட்டிகள் அல்ல. முதிராமல் நின்ற முட்டைப் பைகளே. இந்நிலையில் உடல் பருத்தவர்கள் எடையில் இருபதில் ஒரு பங்கிலிருந்து பத்தில் ஒரு பங்குவரை குறைத்தாலே பலருக்கு முட்டை மீண்டும் வெளிப்படத் தொடங்குகிறது. அதற்கு நடையும் அளவான சோறும் போதும்.

வாழ்க்கைமுறையைச் சேராததாயினும் ஒன்றை விட்டுவிட மனமில்லை. காசநோய் நுரையீரலோடு நிற்பதில்லை, கருக்குழாயையும் அடைத்துவிடும். நெருக்கடியான குடியிருப்புகளில் வாழ்ந்த நமக்கு அந்நோய் புதிதன்று. முட்டை நன்றாயிருந்தும் குழாய் அடைபட்டதால் பிள்ளை இல்லாமற்போன பெண்கள் நம் நாட்டில் ஏராளம்.

இளைஞர்களே, குறிப்பாகப் பெண்களே! கருமுட்டைக்கு விலை பேசுவோர் உண்டு. 2022இல் ஈரோட்டில், போலி ஆவணத்தில் வயதைக் கூட்டிக் காட்டி, பெற்ற தாயே உடந்தையாக, 16 வயதுச் சிறுமியின் கருமுட்டைகள் பலமுறை எடுத்து விற்கப்பட்ட செய்தி வெளியானது. முட்டை எடுப்பதற்குப் பத்து நாளளவு ஊசி போட்டுச் சினைப்பையைத் தூண்டுவார்கள். சிலருக்குச் சினைப்பை வீங்கி வயிற்றில் நீர் கோத்து உயிருக்கே ஆபத்தாகும். இனப்பெருக்கத் தொழில்நுட்பத்தை ஒழுங்குபடுத்த 2021இல் இயற்றப்பட்ட சட்டம், 23 முதல் 35 வயதுவரை உள்ள பெண்ணே முட்டை தானம் செய்யலாம், அதுவும் வாழ்நாளில் ஒரே முறை, ஏழு முட்டைக்குமேல் எடுக்கலாகாது என்கிறது. தானம் என்றே சட்டம் சொல்கிறது, விற்பனை குற்றமாகும். கடன் தீரும் என்று தரகர் வந்து கதவைத் தட்டினால், அந்த வீட்டின் வறுமையை அவர் முன்பே விசாரித்து வந்திருக்கிறார் என்று கொள்க.

பிள்ளையை விரும்பும் தம்பதியர் 35 வயதுக்குட்பட்ட பெண்ணாயின் ஓராண்டும், அதற்கு மேற்பட்டவளாயின் ஆறு மாதமும் பார்த்துவிட்டு மருத்துவரை நாடலாம். மாதவிலக்கு ஒழுங்காக வராதவர் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. கருவுறுமுன்பே நாள்தோறும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் உட்கொள்வது சிசுவின் தண்டுவடக் குறையைத் தடுக்கும். ஏ.எம்.எச். என்னும் இரத்தச் சோதனை முட்டைகளின் இருப்பைக் காட்டுமேயன்றித் தரத்தைக் காட்டாது. அதில் எண் குறைந்தது கண்டு மனமுடைய வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மகளிர் நலப் பிரிவுக்குக் கணவனும் மனைவியும் சேர்ந்தே செல்லுங்கள். முதற்சோதனை கணவனின் விந்துச் சோதனையாக இருக்கட்டும். அதற்கு ஊசியில்லை, கத்தியில்லை, செலவும் சொற்பம்.