பாத்ரூம் தேரை

(பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பேங்கில் கணக்கு எழுதியவன் தவளை பற்றிப் பேச வந்ததற்குக் காரணம், மோட்டார் ரூமில் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே ஒட்டியிருந்த வெள்ளை நுரையில் யாரோ பினாயில் ஊற்றியதுதான். அது சோப்பு நுரை இல்லைங்க, தேரையின் முட்டைக்கூடு.

நம் பாத்ரூம் சுவரில் ஒட்டியிருக்கும் பழுப்புத் தேரை ஒரு மரத்தவளை. ஆங்கிலத்தில் இதற்குச் 'சுனம்' தவளை என்று பெயர். சுண்ணாம்புச் சுவரால் வந்த பெயர். விரல் நுனியில் ஈரப்பசையுள்ள வட்டத் தட்டு இருப்பதால் டைல்ஸிலும் வழுக்காது.

உளுந்தூர்பேட்டை வெயிலில் நமக்கே நாக்கு வறள்கிறது. தவளைக்குத் தோல் வழியாகவே நீர் போய்விடும். அதனால் இது தோலில் சுரக்கும் மெழுகு போன்ற கொழுப்பைக் கால்களால் உடம்பெல்லாம் தேய்த்துக்கொள்கிறது. பிறகு கைகாலை மடக்கி ஈரமான மூலையில் அசையாமல் உட்கார்ந்துவிடும். அதற்கு நம் பாத்ரூமை விட்டால் வேறு இடம் எங்கே?

மழை வந்ததும் பெண் தேரை தான் சுரக்கும் திரவத்தைப் பின்னங்கால்களால் அடித்து நுரையாக்கி அதில் முட்டையிடும். வெளிப்பக்கம் காய்ந்தாலும் உள்ளே ஈரம் நிற்கும். சில நாளில் தலைப்பிரட்டைகள் கீழே தண்ணீரில் விழும்.

தேரை மோந்தால் தேங்காய் கெடும் என்று என் அம்மாவும் சொல்வார். மகரந்தச் சேர்க்கைக் குறைக்கும் போரான் குறைக்கும் பாவம், இது பழி சுமக்கிறது. இது தின்பது பூச்சிகளைத்தான்.

குடிநீர்த் தொட்டியை இறுக்கி மூடுவது சங்கத்தின் பொறுப்பு. நுரையைப் பார்த்தால் பினாயில் வேண்டாம். அடியில் ஒரு வாளி மழைத்தண்ணீர் வைத்துவிட்டு எனக்குப் போன் போடுங்கள். பிரட்டைகளை நானே குட்டையில் விட்டு வருகிறேன்.