தொடக்க வகுப்பும் ஆங்கில மொழியும்

(விசுவமடுவில் இளைஞர் முன் நிகழ்த்திய உரை)



ஆங்கிலம் வேண்டாமென்று சொல்ல நாம் இங்கு எழவில்லை. கொழும்புப் பிள்ளை பெறும் ஆங்கில அறிவை வன்னிப் பிள்ளையும் பெறவேண்டும். 2009 ஆம் ஆண்டுப் போரில் வீடும் தோட்டமும் இழந்து மீண்டுவந்த பெற்றோருக்குப் பிள்ளையின் கல்வியே எஞ்சிய முதுசொம். ஆதலால், "முழுவதும் ஆங்கிலத்தில்" என்ற விளம்பரத்தைக் கண்டதும் அவர்கள் மனம் அவாவுதல் இயல்பே. அவ்வாசை பிள்ளைக்கு நன்மை தருமா என்பதை ஆராய்வோம்.

ஐந்து மாம்பழத்தில் இரண்டைத் தம்பிக்குக் கொடுத்தால் மிச்சம் எத்தனை என்பதைப் பிள்ளை வீட்டிலேயே அறியும். அக்கணக்கை விளங்காத மொழியிற் கேட்டால், கணக்கொரு சுமை, மொழியொரு சுமை. பிள்ளை மனப்பாடஞ் செய்யும், வினாவாது. விளங்கவில்லையென்று சொல்லவும் அதனிடம் சொல் இராது. அந்த மௌனத்தை நாம் அடக்கமென்று மெச்சுகின்றோம்!

தமிழ்ப் பிள்ளையும் சிங்களப் பிள்ளையும் ஒருங்கே அமரும் கொழும்புச் சர்வதேசப் பாடசாலைகளில் ஆங்கிலம் பொதுமொழியாதல் பொருந்தும். ஆயினும், விளங்காத ஒன்றை அயலிலிருக்கும் தோழனிடம் தன் மொழியிற் கேட்டறியும் உரிமை அங்கும் பிள்ளைக்கு வேண்டும். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், குடியேறியோர் பிள்ளைகளுக்கு ஏறக்குறைய ஆங்கிலத்திலேயே கற்பிக்க வேண்டுமென்று 1998 இல் வாக்கெடுப்பால் விதித்தனர். 2016 இல் அம்மாநில மக்களே வாக்களித்து அக்கட்டுப்பாட்டை நீக்கினர்.

நம் நாட்டில், கன்னங்கரா தலைமையிலான குழு 1943 ஆம் ஆண்டு அறிக்கையில் ஆரம்பக் கல்வி தாய்மொழியில் நிகழவேண்டுமென்று கூறிற்று. 2002 இல் அரசாங்கப் பாடசாலைகளில் ஆங்கில மூலக் கல்வி திரும்பியபோதும் ஆறாம் வகுப்பிலிருந்தே தொடங்கிற்று. உயர்ந்த அறிவைத் தமிழ் தாங்குமோ என்று ஐயுறுவோர் மானிப்பாயை நினைக்க. அங்கே அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன் 1864 முதல் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். ஆங்கிலத்திற் கற்றோர் உத்தியோகம் நாடி அகன்றுவிட, கிராமங்கள் வைத்தியரின்றிக் கிடந்ததை அவர் கண்டிருந்தார்.

மிளகாய்ச் செய்கை நமக்குப் பழக்கமானது. நாற்றுமேடையில் வேர் பிடிக்குமுன் கன்றைப் பிடுங்கி நடுவார் உண்டோ? முதல் ஐந்து வகுப்பும் அந்த நாற்றுமேடை. அங்கே வாசிப்பும் கணக்கும் தமிழில் வேரூன்றட்டும். ஆங்கிலம் பாட்டாகவும் பேச்சாகவும் ஒரு பாடமாக நாள்தோறும் நடக்கட்டும்.

நம் கடமையும் ஒன்றுண்டு. ஆங்கிலம் நன்கறிந்த ஆசிரியர் கிராமப் பாடசாலைக்கு வரவேண்டுமென்று கல்வி அதிகாரிகளிடம் ஓயாது கேட்போம். அதுவரை, படித்த இளைஞர்கள் மாலையில் ஒரு மணி நேரம் சிறுவர்க்கு ஆங்கிலம் கற்பிக்க முன்வருக. காசில்லாத வீட்டுப் பிள்ளையும் அவ்வகுப்பில் முன்வரிசையில் இருக்கவேண்டும்.