சிலை வாங்கப் புகுவோர்க்கு

 

கற்சிலையை ஆராய்ந்து வாங்கும் முறை பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தார். நான் சிற்பியல்லேன், ரயில்வேயில் சரக்குச் சீட்டு எழுதும் குமாஸ்தா. ஆயினும், விடுமுறை நாட்களில் மாமல்லபுரத்துப் பட்டறைகளிலும், நம் நகருக்கு அண்மையில் மாலூர் வட்டத்துச் சிவாரப்பட்டணத்திலும் சிற்பிகளோடு அமர்ந்து கேட்டறிந்தவை சில உண்டு. அவற்றையே கூறுகிறேன்.

சிலை வாங்கச் செல்வோர் முதலில் முகத்தைப் பார்க்கின்றனர். முகம் பிடித்துவிட்டால் உடனே விலை பேசுகின்றனர். சிற்பியோ முதலில் கல்லைப் பார்க்கிறார். நாமும் அவர் வழியே செல்லுதல் நலம். சிறு சுத்தியால் மெல்லத் தட்டினால் நல்ல கருங்கல் மணிபோல ஒலிக்கும். உள்ளே பிளவுடைய கல் விரிசல் விட்ட பானைபோல ஒலி மழுங்கிவிடும். சிற்ப நூலோர் ஆண் கல், பெண் கல் என வகுத்ததும், ஒலியற்ற கல்லை உருவத்திற்கு ஆகாதென விலக்கியதும் இவ்வொலி கொண்டே. ஆனால் மண்ணில் பதிந்து நிற்கும் சிலை, நல்ல கல்லாயினும் ஒலிக்காது. இரண்டு மரக்கட்டைகளின்மேல் ஏற்றி வைக்கச் செய்து தட்டிப் பார்க்க வேண்டும்.

அடுத்தது நீர்ச் சோதனை. செலவில்லாதது, சோதனைகளுள் இதுவே சிறந்தது என்பது என் கருத்து. ஒரு குடம் நீரை ஊற்றிக் காயவிடுங்கள். மேற்பரப்பு காய்ந்த பின்னும் மயிரிழைபோல் ஈரக்கோடு நின்றால் அங்கே வெடிப்பு உண்டென ஐயுறலாம். கற்பொடியும் பிசினும் குழைத்து அடைத்த இடம் வேறு நிறமாய்த் தெரியும். கல்லில் இயற்கையாய் ஓடும் ரேகை வேறு, வெடிப்பு வேறு. நகத்தால் வருடினால் ரேகை தட்டாது, வெடிப்பு பெரும்பாலும் தட்டும். எண்ணெய் பூசிக் கருமையாக்கிய சிலையில் இவை எல்லாம் மறைந்துவிடும். ஆகவே, எண்ணெய் பூசுமுன் காட்டுங்கள் என்று கேளுங்கள். நல்ல சிற்பி அதற்கு மகிழ்வாரேயன்றிச் சினவார்.

இதனை இவ்வளவு வற்புறுத்தக் காரணம் உண்டு. எங்கள் குடியிருப்பில் சில குடும்பத்தார் மாதந்தோறும் சிறுதொகை சேர்த்துத் தெருமுனைக்குப் பிள்ளையார் சிலையொன்று வாங்கினர். எண்ணெய் பூசிய சிலை, காண அழகியது. குடமுழுக்கும் நடந்தது. நாள்தோறும் அபிஷேகம் பெற்ற ஓராண்டிற்குள் துதிக்கையின் அடியில் அடைத்திருந்த பிசின் கழன்று, பிளவு வெளிப்பட்டது. பின்னமுற்ற திருவுருவை வழிபடலாகாது எனப் பெரியோர் கூறினர். வீட்டு வேலை செய்து சீட்டுப்பணம் கட்டிய ஓர் அம்மையார், “என் பிள்ளையார் என்ன பாவம் செய்தார், ஐயா?” என்று அழுதது இன்னும் என் காதில் ஒலிக்கிறது. பிரதிட்டைக்குப் பின் கண்ட குறையை ரசீதைக் காட்டி மாற்றிக்கொள்ள இயலுமோ?

கல்லின் பெயரிலும் மயக்கம் உண்டு. 22-1-2024 அன்று அயோத்தியில் பிரதிட்டை பெற்ற, மைசூர்ச் சிற்பி அருண் யோகிராஜ் செதுக்கிய 51 அங்குல இராமர் திருவுரு, கிருஷ்ணசிலை என்னும் கல்லின் பெயரைப் புகழுறச் செய்தது. பெயரைக் கேட்டே வாங்கிவிடாமல், பீடத்தின் அடியில் பேனாக்கத்தியால் கீறிப் பாருங்கள். கல்சட்டி செய்யும் மாக்கல் எளிதில் கீறும்; கருங்கல்லில் கத்தியின் இரும்புச் சுவடே படியும். மென்மை குற்றமன்று. 1117இல் எழுந்த பேலூர்க் கோயிலின் நுண்ணணிகள் அத்தகைய மென்கல்லால் அமைந்தவையே. ஆனால் நாளும் அபிஷேகம் செய்வோர்க்குக் கருங்கல்லே ஏற்றது. சலவைக்கல் எலுமிச்சைச் சாற்றாலும் தயிராலும் மெருகு இழக்கும்.

இனி வேலைப்பாடு. கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். கன்னத்தின் மேடுபள்ளம் நிழலாய்த் தெரியும். சிலையின் பின்புறத்தைக் காணாமல் பணம் கொடுக்க வேண்டா. விரல்களின் இடையிலும் காதின் பின்னும் ஆழமின்றி, ஒரே சீராகக் கோடுகள் ஓடினால் அது பெரும்பாலும் இயந்திர வேலை. இயந்திர வேலையென்று சொல்லி அதற்குரிய விலைக்கு விற்பதில் குற்றமில்லை. உளி வேலையென்று விற்பதே குற்றம். பக்கங்களில் ஒட்டுக்கோடும் ஊசித்துளைபோன்ற காற்றுக்குழிகளும் இருப்பின் அது செதுக்கியதே அன்று, வார்த்தது.

என்ன தாளம் என்று சிற்பியைக் கேளுங்கள். உத்தம தசதாளம் 124 அங்குலம் என்பார். உடனே நாடாவை எடுத்துவிடாதீர்கள்! அவ்வங்குலம் அச்சிலையின் உயரத்தைப் பகுத்துப் பெறும் அளவு. கண்கள் முற்றுப்பெறாதிருப்பின் அதனைக் குறையென்று கருதவும் வேண்டா. பிரதிட்டையின்போது கண் திறப்பது மரபு.

பழஞ்சிலை என்று எவரேனும் இரகசியமாய் விற்க வந்தால் விலகிவிடுங்கள். நூறாண்டுக்குக் குறையாத சிற்பம் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்திற்கு உட்பட்டது. உரிமமின்றி அவ்வணிகம் செய்தல் கூடாது.

முடிவாக என் தொழிலைச் சார்ந்த ஒரு சொல். ஒரு கன அடிக் கருங்கல் ஏறத்தாழ 75 கிலோ எடையுள்ளது. சிலையைக் காரின் பின்னிருக்கையில் வைத்துவிடலாம் என எண்ணாதீர்கள். வைக்கோல் பரப்பிய மரச்சட்டத்தில் மல்லாக்கக் கிடத்திக் கட்டச் சொல்லுங்கள். கல்லின் வகை, பீடம் நீங்கலான உயரம், ஒரே கல் என்னும் உறுதி ஆகிய மூன்றையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். வந்து இறங்கியதும் கட்டைப் பிரித்து, மீண்டும் ஒரு குடம் நீர் ஊற்றிப் பார்த்த பின்னரே பெற்றுக்கொண்டதாகக் கையொப்பமிடுங்கள்.